அத்தை ரத்து செய்த பத்திரம்

என் அத்தை எனக்கு எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தை அவரே ரத்து செய்ய வேண்டி வந்தது. அதற்குக் காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு பக்கம் என் கஷ்டங்களைச் சொல்லி, படிப்பவர் மனது கொஞ்சம் இளகிய பிறகு சொன்னால் அதுவும் ஒரு ஏமாற்று வேலைதான். அந்த வேலையை நான் போதுமான அளவு செய்துவிட்டேன்.

அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தார். ரிட்டயர் ஆவதற்கு முன்பே ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் சின்னதாக இடம் வாங்கி, கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு என்று கட்டிவிட்டார். கீழே அவர். மேலே வாடகைக்கு ஒரு குடும்பம். புருஷன் விசைப்படகில் போகிறவர். மனைவி காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கிறவர். பத்து வருஷமாக அங்கேயே இருக்கிறார்கள். அந்தம்மா நல்ல மீன் கிடைத்த நாளில் ஒரு கிண்ணம் குழம்பு கீழே கொண்டுவந்து தருவார். அத்தை காலிக் கிண்ணத்தைத் திருப்பித் தர மாட்டார். நாலு பழமோ, மாதா கோயிலில் கொடுத்த கேக் துண்டோ ஏதாவது வைத்துத்தான் தருவார்.

எழுபத்தாறாவது வயதில் அத்தை குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கும் அளவுக்குத் தேறினார். ஆனால் வாசற்படி தாண்ட முடியவில்லை. பேங்க், வீட்டு வரி, கரண்ட் ஆபீஸ், எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் வேண்டும். நான் விம்கோ நகரில் இருக்கிறேன். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் வேலை. அரை மணி நேரத்தில் அத்தை வீட்டுக்கு வந்துவிடலாம். பெரம்பூரில் என் தங்கை இருக்கிறாள், ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீசில் வேலை. அவள் வியாசர்பாடியில் ஒரு பௌத்தக் குடும்பத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அப்பா அவளோடு பேசவில்லை. அப்பா செத்த பிறகும் அந்தப் பேசாமை வீட்டில் அப்படியே இருந்தது. சும்மா இருந்திருந்தால் அது தானாகப் போயிருக்கும். நான்தான் போகவிடாமல் வைத்திருந்தேன்.

"அவளாண்ட ஒரு வார்த்த கேக்கலாமா?" என்று அத்தை கேட்டார், பவர் எழுதுவதைப் பற்றிப் பேசும்போது.

"அவளுக்கு நம்ம நெனப்பே கெடயாது அத்தே. வேல, வூடுன்னு கீறா" என்றேன்.

அது பொய். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அத்தையைப் பற்றி என்னிடம் போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தாள் அவள். "நான் வந்தா ஏத்துப்பாங்களாண்ணா?" என்று கேட்பாள். "இப்ப வேணாம், கொஞ்ச நாள் போவட்டும்" என்பேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது நான் யோசித்ததில்லை. இப்போது யோசித்தால் பதில் சுலபமாகக் கிடைக்கிறது.

பத்திர எழுத்தரின் கடை ஒரு ஜெராக்ஸ் கடையும் சேர்ந்தது. நான் மட்டும்தான் போனேன். எழுதிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தி, "விக்கிற அதிகாரமும் சேத்துடவா சார்? வாடகை, வரி, பேங்கு மட்டும் போதுமா?" என்று கேட்டார்.

அத்தை அதைச் சொல்லவே இல்லை. எனக்கும் அதுவரை தோன்றவில்லை. "சேத்துடுங்க. அப்பால மறுபடி அலைய முடியாது" என்றேன். அந்த நேரத்தில் என் மனதில் திட்டம் எதுவும் இல்லை, உண்மையாகவே இல்லை. ஆனால் அந்த வார்த்தை அவ்வளவு தடையில்லாமல் வந்ததே, அதை நினைத்தால்தான் இப்போதும் முகம் சுடுகிறது.

நடக்க முடியாதவர் என்பதால், மனுக் கொடுத்து, பதிவு அலுவலகத்திலிருந்து வீட்டுக்கே வந்து பதிவு செய்தார்கள். அத்தை கட்டிலில் தலையணையில் சாய்ந்தபடி கையெழுத்துப் போட்டார். "படிச்சுப் பாத்தீங்களாம்மா?" என்று அதிகாரி கேட்டார். "என் மருமவன் படிச்சுட்டான்" என்றார் அத்தை. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

முதல் ஒரு வருஷம் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து போவேன். வரி ரசீதைக் காட்டுவேன், மாத்திரை வாங்கி வருவேன். மேல்வீட்டு வாடகை என் போனுக்கு வரும், நான் எடுத்து அத்தையிடம் கொடுப்பேன். பிறகு ஒரு மாதம் யார்டில் சம்பளம் தள்ளிப் போனது. வாடகையை நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த மாதம் சேர்த்துக் கொடுக்கலாம் என்று இருந்தேன். அடுத்த மாதம் அத்தை கேட்டார்.

"மேல்வூட்டுப் பொண்ணு இன்னும் குடுக்கலியா?"

"இல்ல அத்தே. படகு சரியா ஓடலயாம். இழுத்துகினு கீறாங்க."

அவ்வளவுதான். அந்தப் பொய் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம்கூடப் பிடிக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் அதையே சொன்னேன். அத்தையின் முகம் மாறியது. பணத்துக்காக இல்லை. நேரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. பத்து வருஷம் பழகிய பெண், மாடியிலிருந்து இறங்கிவந்து "இந்த மாசம் முடியலம்மா" என்று சொல்லாமல், குழம்புக் கிண்ணத்தோடு சிரித்துக்கொண்டு வருகிறாளே என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருக்கும்போதே அந்தம்மா கிண்ணத்தோடு வந்தார். வஞ்சிரம் குழம்பு, வாசனை கூடத்துக்கு வந்துவிட்டது. அத்தை தலையை நிமிர்த்தாமல், "வேணாம்மா, எடுத்துகினு போ" என்றார்.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?"

"வேணான்னு சொன்னேன்ல."

அந்தம்மா என்னைப் பார்த்தார். அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று என்னிடம் கண்ணால் கேட்டார். நான் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கிண்ணத்தோடு படியேறிப் போன சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நாலு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வாடகை மட்டும் மாதம் பிறந்தால் ஒரு நாள் தப்பாமல் என் போனுக்கு வந்துகொண்டிருந்தது.

இதற்கு நடுவில் ஒரு புரோமோட்டர் என்னைத் தேடி வந்தார். அந்தச் சந்தில் இரண்டு பழைய வீடுகளை ஏற்கனவே வாங்கியிருந்தவர். அத்தை வீடும் சேர்ந்தால் மூன்றையும் இடித்து அடுக்குமாடி கட்டலாம் என்பது அவர் கணக்கு. "பவர் உங்க பேர்ல தானே கீது? பெரியவங்கள ஏன் தொந்தரவு பண்ணணும்?" என்றார். அந்தப் பேச்சு எனக்கு மிகவும் மரியாதையாகப் பட்டது. அத்தையை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்து வைத்துக்கொள்ளலாம், தனியாகக் கிடப்பதை விட அது நல்லதுதானே என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்வான்ஸ் வாங்கினேன். அதைக் கொண்டுபோய் அத்திப்பட்டு பக்கத்தில் என் பெயரில் ஒரு மனைக்குக் கட்டினேன். என் பெயரில். வீட்டில் என் மனைவியிடம் பி.எஃப். பணம் என்று சொன்னேன்.

விற்பனையைப் பதிவு செய்ய வேண்டுமென்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் சான்று வாங்க வேண்டும். பவர் கொடுத்தவர் செத்துவிட்டால் பவரும் செத்துவிடும், அதனால் அப்படி ஒரு விதி. ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு அத்தையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக் கூட்டிப்போனேன். பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் கேட்கிறார்கள் என்று சொல்லியிருந்தேன்.

டாக்டர் வயதானவர், நிதானமானவர். பாரத்தை வாங்கி, அதில் இருந்ததை வாய்விட்டே படித்தார். "பொது அதிகார ஆவணத்தின் மூலம் அதிகாரம் அளித்த மேற்படி நபர் இன்றைய தேதியில் உயிருடன் உள்ளார் என்று..." படித்துவிட்டு அத்தையின் நாடியைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார். "உயிரோடதான் இருக்கீங்க" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அத்தையும் சிரித்தார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோ ஒரு டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் நின்றுவிட்டது. அத்தை வெளியே பார்த்தபடி கேட்டார்.

"பென்ஷனுக்குன்னு சொன்ன?"

"ஆமா அத்தே."

"அதுக்குத்தான் போஸ்ட்மேன் வூட்டுக்கே வந்து மிஷின்ல என் வெரல எடுத்துகினு போனாரே, ரெண்டு மாசம் முந்தியே."

"இது வேற. அது போதாதுன்றாங்க."

"ம்" என்றார். முப்பது வருஷம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு குரல்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர். என் குரலில் என்ன கேட்டாரோ.

அன்று மாலை நடந்தது எனக்குப் பிறகு தங்கை சொல்லித்தான் தெரியும். அத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியின் அடி வரை நடந்து வந்து, மேலே பார்த்துக் குரல் கொடுத்திருக்கிறார். மீன்காரம்மா இறங்கி வந்திருக்கிறார். "ஆறு மாசமா வாடக குடுக்கலன்னு என் மருமவன் சொல்றான். உன் வாயால சொல்லு" என்று அத்தை கேட்டிருக்கிறார். அந்தம்மா போனைத் திறந்து நீட்டியிருக்கிறார். மாதா மாதம் என் பெயருக்குப் போன பணம் வரிசையாக அதில் இருந்தது. அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, அதே போனை வாங்கி, தங்கை வேலை பார்க்கும் ஆபீசின் பழைய நம்பரை மனப்பாடமாக அழுத்தியிருக்கிறார். அது இப்போது வேறு செக்‌ஷனுக்குப் போகிறதாம். அங்கே எடுத்தவரிடம் ஒரு ஆப்பரேட்டருக்கே உரிய குரலில் கேட்டு, தங்கையின் செல் நம்பரை வாங்கிவிட்டார். தங்கை ஒரு மணி நேரத்தில் ராயபுரத்தில் இருந்தாள்.

எனக்கு எதுவும் தெரியாது. அடுத்த வாரம் புதன்கிழமை காலை அத்தை போன் செய்தார்.

"பத்து மணிக்கு ஆட்டோ எடுத்துகினு வா. ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவணும்."

"எதுக்கு அத்தே?"

"வா, சொல்றேன்."

போனேன். புரோமோட்டர் முந்திக்கொண்டு அத்தையிடமே பேசிவிட்டாரோ, அத்தை சம்மதித்துவிட்டாரோ என்றுகூட ஒரு நப்பாசை. அத்தை கோயிலுக்கு உடுத்தும் பட்டுப் புடவையில் தயாராக உட்கார்ந்திருந்தார். ஆட்டோவில் போனோம். அலுவலகத்து வாசலில் தங்கை நின்றிருந்தாள். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது அவளை நேரில் பார்த்து. காதோரம் நரைத்திருந்தது. அவள் பக்கத்தில் மேல்வீட்டு அம்மா, மீன் கூடை இல்லாமல், துவைத்து மடித்த புடவையில். சாட்சிக்கு வந்திருந்தார். அவர்களைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணா" என்றாள் தங்கை.

சார்பதிவாளர் அறை மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. தங்கை முன்பே வீட்டுக்கு வந்து பதிவு செய்யும்படி மனுக் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "படுத்துகினே கையெழுத்துப் போட்டதாலதான் இவ்ளோ பேஜாரு. இந்தத் தபா நானே போயி போடறேன்" என்றிருக்கிறார். இப்போது படிக்கட்டின் கீழே வாக்கரோடு நின்றுகொண்டு நிமிர்ந்து பார்த்தார். இருபது படி இருக்கும், நடுவில் ஒரு திருப்பம்.

"நாற்காலியில வெச்சுத் தூக்கலாமா, யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று தங்கை கேட்டாள்.

அத்தை என்னைப் பார்த்தார். "நீ தூக்கு" என்றார்.

நான் தூக்கினேன். ஒரு கை முதுகுக்குப் பின்னால், ஒரு கை முழங்காலுக்குக் கீழே. இடுப்பு வலிக்கும் என்று பயந்து பயந்து ஒவ்வொரு படியாக வைத்தேன். கனமே இல்லை. ஒரு மனுஷி இவ்வளவு இலேசாக இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு வருஷமாக வாரா வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன், இளைத்திருப்பதை நான் கவனிக்கவே இல்லை. படியில் வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு பெரியவர், "நல்ல புள்ளைய பெத்து வெச்சிருக்கீங்கம்மா" என்றார் அத்தையிடம்.

திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றேன். அத்தை என் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருந்தார். காதுக்குப் பக்கத்தில், மெதுவாக, "எத்தினி மாசம்டா வாடகை எடுத்த?" என்று கேட்டார்.

"ஆறு."

"அந்தப் பொண்ண கெட்டவளாக்கிட்டியே."

மிச்சப் படிகளை ஏறினேன்.

டோக்கன் கூப்பிட்டதும் உள்ளே போனோம். அத்தையை நாற்காலியில் உட்காரவைத்தேன். சார்பதிவாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண். பத்திரத்தைப் புரட்டிவிட்டு, விதிப்படி அத்தையிடம் கேட்டார்.

"இது பொது அதிகார ரத்துப் பத்திரம். உங்க விருப்பத்தோடதான் செய்யறீங்களா? யாராவது வற்புறுத்தினாங்களா?"

"யாரும் வற்புறுத்தல. நான் படிச்சிட்டுத்தான் வந்தேன். ஒவ்வொரு வரியும்."

"காரணம் நம்பிக்கை இழந்ததாலன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"பவர் ஏஜென்ட்டுக்குத் தகவல் சொல்லிட்டீங்களா? ஆள் எங்க இருக்கார்?"

அத்தை தலையைக்கூடத் திருப்பவில்லை. "தோ, என்னைத் தூக்கியாந்தாரே, அவருதான்" என்றார்.

அத்தை என்னை 'அவரு' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சார்பதிவாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அவர் உடனே பார்வையைப் பத்திரத்துக்கு இறக்கிக்கொண்டார். பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டவர் போல. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் தட்டச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். படியில் பாராட்டிய பெரியவர் எங்களுக்கு அடுத்த டோக்கன். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார் சார்பதிவாளர்.

"தெரியும் மேடம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அத்தை பெருவிரலை மெஷினில் வைத்தார். வயதில் ரேகை தேய்ந்துவிட்டது போல, இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை தங்கை தன் கைக்குட்டையால் அத்தையின் விரலைத் துடைத்துவிட்டு அழுத்தினாள். எடுத்துக்கொண்டது. மேல்வீட்டு அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் போட்டார்.

உடனே அடுத்த பத்திரம். தங்கை பெயரில் புதிய பவர். அதில் வாடகை, வரி, பேங்க், ஆஸ்பத்திரி மட்டும்தான். விற்கும் அதிகாரம் கிடையாது. அப்படித்தான் எழுத வேண்டும் என்று சொன்னது தங்கையாம். "எனக்கே அது வேணாம் அத்தே. யார் கையிலயும் இருக்க வேணாம்" என்றாளாம்.

முடிந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தையை இறக்க வேண்டும். நான் குனிந்து தூக்கினேன். கதவோரம் நின்ற அந்தப் பெரியவர் இந்தத் தடவை பாராட்டவில்லை. வழி மட்டும் விட்டார்.

அத்தை போலீசுக்குப் போகவில்லை. போகலாம் என்று தங்கையின் வக்கீல் சொன்னதாகத் தெரியும். ஆனால் பேப்பரில் அறிவிப்புக் கொடுக்கத்தான் வேண்டும் என்றார்களாம், பவரைக் காட்டி நான் வேறு யாரிடமும் பேசாமலிருக்க. ஒரு தமிழ் நாளிதழில் வந்தது. என் பெயர், அப்பா பெயர், விம்கோ நகர் விலாசம், எல்லாம் இருந்தது. மேற்படி நபருடன் யாரும் எந்தவிதக் கொடுக்கல் வாங்கலும் வைத்துக்கொள்ள வேண்டாம், அப்படி வைத்துக்கொண்டால் என் கட்சிக்காரர் பொறுப்பல்ல என்று வக்கீல் போட்டிருந்தார். யார்டு வாசல் டீக்கடையில் பேப்பர் படிக்கிற கிரேன் ஆப்பரேட்டர் மடித்து எடுத்துவந்து என்னிடம் காட்டினார்.

"சார், இது நீங்களா?"

"அதே பேர்ல வேற யாரோ" என்றேன்.

அவர் விலாசத்தை இன்னொரு முறை படித்தார். "இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு, பேப்பரை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். அதை வேறு யாரும் படித்துவிடக்கூடாது என்று எனக்காக விட்டுப்போனார் என்பது மதியம்தான் புரிந்தது.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் பேப்பரைக் காட்டினேன். வேறு வழியில்லை, எப்படியும் தெரிந்துவிடும். அவள் படித்துவிட்டுப் பேப்பரை மடித்தாள்.

"பி.எஃப். பணம் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். பி.எஃப். எடுத்தா போனுக்கு மெசேஜ் வரும். வரல. கேக்கணும்னு நெனச்சேன். கேட்டா மனை போயிடும்னு கேக்கல" என்றாள். "உன்ன மட்டும் திட்ட எனக்கு வாய் வரல."

மனையை விட்டுவிட்டோம். கட்டியதில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு அவள் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். புரோமோட்டர் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "சரி விடுங்க, ரெண்டு மூணு வருஷம் போவட்டும்" என்றார். எதற்காக இரண்டு மூன்று வருஷம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலேயே எனக்கு விளங்கியது. நானும் அவரைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதும் விளங்கியது.

வாடகைப் பணத்தைத் தங்கையிடம் கொடுத்தேன். அதன் பிறகு மேல்வீட்டு அம்மாவைப் பார்க்கப் போனேன். அது அத்தை வீட்டுக்குப் போவதை விடக் கடினமாக இருந்தது. அவர் தெருக்குழாய் பக்கத்தில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றேன்.

அவர் கூடையைக் கவிழ்த்துத் தட்டினார். "என்னாண்ட இன்னாத்துக்கு சொல்ற? வாடக நான் குடுத்துகினுதான் இருந்தேன். எனக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல." பிறகு நிமிர்ந்தார். "நாலு மாசம் அந்தம்மா என் மூஞ்சிய பாக்கல. நான் இன்னா தப்பு பண்ணிட்டேன்னு நாலு மாசம் யோசிச்சிகினு இருந்தேன். எம் புருசனாண்ட சண்ட, நீ ஏதாச்சும் குடிச்சிட்டு பேசிட்டியான்னு. அவரு கோயில்ல சத்தியம் பண்ணாரு. அத நீ எப்பிடி திருப்பிக் குடுப்ப?"

அவர் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

மூன்று மாதம் நான் ராயபுரம் பக்கமே போகவில்லை. பூசைக்கு வேறு கோயிலுக்குப் போனேன். தங்கைதான் ஒரு நாள் போன் செய்தாள். "நீ வரலன்னு அத்தை ஒண்ணும் சொல்லல. ஆனா ஞாயித்துக்கெழம கதவு சத்தம் கேட்டா திரும்பிப் பாக்குறாங்க. நான் சொன்னேன்னு சொல்லாத" என்றாள். அவளை அத்தையிடமிருந்து பத்து வருஷம் தள்ளி வைத்திருந்த என்னிடம், அவள் இதைச் சொன்னாள்.

போனேன். அத்தை கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பிறகு அதை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏன்டா?"

வழியெல்லாம் பதில் தயார் செய்திருந்தேன். சம்பளம் தள்ளிப்போனது, மகளின் காலேஜ், வயதாகிக்கொண்டே போகிறது, சொந்தமாக ஒரு அடி நிலம் இல்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் அத்தை முகத்தைப் பார்த்ததும் எதுவும் வரவில்லை.

"நான் போற வரைக்கும் பொறுத்துகினு இருக்க முடியலியா? ஒனக்கும் அவளுக்கும்தானே எழுதி வெச்சிருந்தேன்."

"அது இல்ல அத்தே." சொல்ல வாய் கூசியது. "நீ இருக்கறதே எனக்கு மறந்து போச்சு. வாரா வாரம் வந்துகினுதான் இருந்தேன். மாத்திர வாங்கிக் குடுத்துகினு இருந்தேன். ஆனா வூட்ட நெனைக்கும்போது உன்ன நெனைக்கல. நீ ஏற்கனவே இல்லாத மாதிரி ஆயிடுச்சு."

இதைவிடக் கேவலமான ஒன்றை நான் வாழ்க்கையில் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு அத்தையிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

அத்தை வெங்காயத்தைக் கீழே வைத்தார். அழவில்லை. என்னை நன்றாகப் பார்த்தார். "பொய் சொல்லும்போது உன் கொரலு கொஞ்சம் தூக்கும்" என்றார். "இப்ப தூக்கல."

மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ அவர் இன்று வரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். பீரோ சாவி தங்கையிடம் இருக்கிறது. நான் வந்தால் அத்தை பாஸ்புக்கைத் தலையணைக்கு அடியில் தள்ளி வைக்கிறார். ஒளித்து இல்லை, எனக்குத் தெரியும்படிதான் தள்ளுகிறார். முதல் சில வாரம் அந்தக் கையைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்ப்பேன். இப்போது பார்க்கிறேன்.